பதின்மூன்றாம் வசனத்தில் நின்ற குரல்

எங்கள் கடலோரச் சிற்றூரான ஆபர்கவனில் ஒரு செய்தி ஆற்றைத் தாண்டிப் போக வேண்டுமானால் பாலம் தேவையில்லை, மென்னாவின் வண்டி போதும் என்பார்கள். மென்னா நான்தான். வண்டி, மாவட்ட நூலகத்தின் நடமாடும் புத்தக வண்டி. பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் பேசிவிட்டுப் போவார்கள், பேச வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு புத்தகமும் எடுத்துப் போவார்கள். எனக்கு வாய் நீளம். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுநாளான திங்கட்கிழமைக்கு எங்கள் சபைக்கு விழுந்த அதிகாரம், வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தின் மூன்றாவது. நாவைப் பற்றியது. வருடத்துக்கு ஓர் அதிகாரம்தான் எங்களுக்கு. பதினொரு வாரம் அதைப் படித்து, விவாதித்து, மனப்பாடம் செய்து, அந்தத் திங்களன்று சபை முழுவதும் ஒரே குரலாக எழுந்து ஓத வேண்டும். வாத்தியம் கிடையாது. ஒருத்தி சுருதி எடுத்துக் கொடுப்பாள், பெண்கள் பிடித்துக்கொள்வார்கள், ஆண்கள் அடியிலிருந்து வந்து சேர்வார்கள். நடுவில் வெளியூர்ப் போதகர் ஒருவர் பாடத்தில் கேள்வி கேட்பார். பெயர் சொல்லிக் கேட்க மாட்டார், சபையைப் பார்த்துத்தான் கேட்பார். யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஒருவரும் எழுந்திருக்காவிட்டால் ஊருக்கே அவமானம், அடுத்த வருடம் வரை மற்ற ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஓதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். நாலைந்து வசனம் போனதும் எது என் குரல், எது பக்கத்திலிருப்பவள் குரல் என்று தெரியாமல் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே கடல் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். வாய் தானாக ஓதும், மனம் எங்கோ மிதக்கும். குதிரை வாயில் கடிவாளம், பெரிய கப்பலைத் திருப்பும் சின்னச் சுக்கான், ஒரு காட்டையே எரிக்கும் சின்ன நெருப்பு எல்லாம் மூட்டத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து போகும். எத்தனையோ தடவை ஓதினேன். ஒரு தடவைகூட அது என் காதில் விழவில்லை.

பாட வகுப்பில் மட்டும் என்ன வாழ்ந்தது? "இது நம்ம ஊர்ல யாருக்குப் பொருந்தும்னு யோசிங்க" என்றாள் தபால் ஆபீஸ் டிலிஸ். எல்லோரும் கண்ணை மூடி யோசித்தோம். எல்லோர் முகத்திலும் ஒரு திருப்தி வந்தது. ஒருவருக்கும் தன் பெயர் ஞாபகம் வரவில்லை.

ஏழாவது வாரம், ஓதி முடித்துத் தேநீர் குடிக்கும்போது நான் அதைச் சொன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. மூணு புதன்கிழமையா லினெட்டோட பச்சைக் கார் எம்லின் வீட்டு வாசல்ல நிக்குது. மூணு மணிக்கு வந்தா நாலு மணி வரைக்கும். அவ்வளவுதான்."

டிலிஸின் கோப்பை பாதி வழியில் நின்றது. "கைன்வென் ஆஸ்பத்திரியில இருக்கற நேரத்துலயா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"நெருப்பில்லாம புகையுமா, மென்னா?"

"அதை நீதான் சொல்றே. நான் சொல்லல."

எம்லின் ஆட்டுப்பண்ணைக்காரர், எங்கள் சபையை நடத்தும் டீக்கன்மாரில் ஒருவர், அறுபதைத் தொட்டவர். மனைவி கைன்வென் இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாக மருத்துவமனையில் கிடந்தாள். லினெட்டுக்கு முப்பத்து நாலு வயது. பாலர் பள்ளி ஆசிரியை. கணவனைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குச் சுருதி கொடுப்பவள் அவள்தான். அரைமணி நேரத்துக்கு முன்பு நெருப்பையும் காட்டையும் பற்றிய வசனத்தை அவள் எடுத்துக் கொடுத்த சுருதியில்தான் அத்தனை அழகாக ஓதியிருந்தோம்.

பத்து நாளில் பேச்சு ஊரைச் சுற்றி என் வண்டிக்கே திரும்பி வந்தது. நான் விட்டது ஒரு கார். திரும்பி வந்ததில் படுக்கையறைத் திரைச்சீலையின் நிறம்கூட இருந்தது. டீக்கன்மார் இரண்டு பேர் லினெட்டிடம் போய், "இந்த வருஷம் நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோம்மா" என்றார்கள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எம்லினை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆண்பிள்ளை, அதிலும் சபையின் அடிக்குரலே அவர்தான். அந்தப் பேச்சு அவர் காதுக்கே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரெல்லாம் தெரிந்த பிறகுதானே சம்பந்தப்பட்டவனுக்குத் தெரியும்!

லினெட் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினாள். அவள் வீட்டு வேலியில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை ஏறியது. பெந்தெகொஸ்தே முடிந்ததும் லிவர்பூலில் இருக்கும் தங்கையிடம் போகப் போகிறாள் என்று டிலிஸ் சொன்னாள். எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனால் பார்த்ததைத்தானே சொன்னோம் என்று குத்தியதைத் தட்டிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். எம்லின் வண்டிக்கு வந்து ஒரு துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுத்தார். முன்பெல்லாம் இருவருக்கும் கைன்வென்தான் எடுத்துப் போவாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுலயும் அந்த முடிவு இருக்கே, பிரமாதம்."

அவர் போன பிறகு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நானே ஒட்டிய சீட்டு இருந்தது: கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. படிக்காமலே புளுகுகிறாரே மனுஷன் என்று சிரித்தேன். வண்டியைக் கழிமுகத்துக்கு மேலே இருக்கும் திருப்பத்தில் நிறுத்திவிட்டு ரொட்டியைத் தின்றேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. முட்புதர்களின் மஞ்சள் பூ வாசனை வண்டிக்குள் வந்தது. புத்தகம் மடியில் இருக்க, அப்படியே கண் அயர்ந்துவிட்டேன்.

அரைத் தூக்கத்தில் சபை ஓத ஆரம்பித்தது. சேற்றின் மேல் வரிசையாக எல்லோரும் நின்றிருந்தோம், காலில் ஈரமே இல்லை. முந்தின நாள் பயிற்சியில் ஓதியது அப்படியே, மூச்சு விடும் இடங்கள்கூட மாறாமல் வந்தது. கடிவாளம் போயிற்று, சுக்கான் போயிற்று, நெருப்பு போயிற்று. ஒரே ஊற்றில் நல்ல தண்ணீரும் கசப்புத் தண்ணீரும் வருமா என்று கேட்கும் இடமும் போயிற்று. அதற்கடுத்த பதின்மூன்றாம் வசனத்தில் தரை இறங்கியது. குரல்களுக்கு அடியில் தரையாக இருந்த அடிக்குரல். எம்லினின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கையில் வேதாகமம் விரித்தபடி இருந்தது. எல்லோரும் பக்கம் திருப்பினோம். அவர் திருப்பவில்லை.

விழித்துக்கொண்டேன். மடியில் அந்தச் சீட்டு. கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை.

மூன்று புதன்கிழமை. நாளொன்றுக்கு நான்கு வசனம் என்று வைத்தால், பன்னிரண்டு.

அந்த மனிதருக்கு வாசிக்கத் தெரியாது. நாற்பது வருடமாக மனைவி வாசிக்க, காதால் வாங்கி ஓதியிருக்கிறார். மனைவி படுத்துவிட்டாள், அந்த இடத்துக்கு லினெட் போயிருக்கிறாள். என் வாய் அவளைத் தடுத்த நாளோடு அவருடைய அதிகாரமும் நின்றுவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது. என் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது.

நேரே லினெட் வீட்டுக்குப் போனேன். தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மென்னாக்கா, இப்ப யார் வீட்டு வாசல்ல என்ன நிக்குது?"

"குத்து, நல்லா குத்து. எனக்கு வேணும்" என்றேன். "லினெட், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எம்லினுக்கு வாசிக்க வராது."

அவள் கையிலிருந்த தட்டு பெட்டிக்குள் போகாமல் நின்றது. "யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கே சொல்லிடறேன். ஒரே வார்த்தையில உன் பேர் சுத்தமாயிடும்."

"சொன்னா இந்த ஜென்மத்துல உங்களை மன்னிக்க மாட்டேன்." குரல் உயரவில்லை. "கைன்வென் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ பொத்திப் பொத்தி வெச்ச விஷயம். என் பேரைக் காப்பாத்த அவர் மானத்தை விக்கணுமா? உங்களுக்கு ஒரு கதை போனா இன்னொரு கதை. எனக்கு அப்படி இல்ல."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"இத்தனை நாள் பேசத் தெரிஞ்சுதுல்ல? இப்ப பேசாம இருக்கக் கத்துக்குங்க." தட்டை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போங்க. வண்டி ரொம்ப நேரமா வாசல்ல நிக்குது."

பெந்தெகொஸ்தே திங்கள் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தேன். சொன்னால் அவர் போனார், சொல்லாவிட்டால் அவள் போனாள்.

அந்த நாளும் வந்தது. ஐந்து ஊர்ச் சபைகள், நிறைந்த ஆலயம். மேல்மாடத்தில் எங்கள் பெண்கள் வரிசை முடிகிற இடத்தில் ஆண்கள் வரிசை தொடங்கும். ஆண்களில் முதல் ஆள் எம்லின். அவருக்கு அடுத்த இடம் டிலிஸுடையது. முழங்கால் வலி, ஓரமாக உட்கார வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி அந்த இடத்தைப் பிடித்தேன். கீழே, கதவோரக் கடைசி பெஞ்சில், மேலங்கியைக் கழற்றாமல் லினெட் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகும்முன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக வந்திருந்தாள்.

எங்கள் வழக்கப்படி அதிகாரத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் கேள்விகள். முதல் பன்னிரண்டு வசனத்தை ஓதினோம். சுருதி கொடுத்தது டிலிஸ், ஒரு படி தூக்கலாக ஆரம்பித்துவிட்டாள். எப்படியோ கரை சேர்ந்தோம். போதகர் டெக்வின் எழுந்தார். ஒல்லியான கிழவர், ரகசியம் கேட்பது போலத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்.

"காட்டைக் கொளுத்தற அந்தச் சின்ன நெருப்பை, முதல்ல வெச்சது யாரு?"

பிசாசு என்றார் ஒருவர். ஆதாம் என்றார் இன்னொருவர். போதகர் தலையை ஆட்டவில்லை. "யாரு?" என்று மறுபடி கேட்டார். ஜன்னலில் மூட்டம் வந்து முட்டிக்கொண்டிருந்தது. எல்லோர் முகமும் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. என் கால்கள் எழுந்து நின்றதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

"நான்தான் ஐயா. ஒரு வீட்டு வாசல்ல ஒரு காரைப் பாத்தேன். காரைத் தவிர வேற எதையும் பாக்கல. ஆனா வேற எதையோ பாத்த மாதிரி பேசினேன். லினெட்டை இந்தச் சபையை விட்டுத் துரத்தினது நான்."

பக்கத்தில் எம்லினின் கழுத்து சிவந்துகொண்டே போயிற்று. அவருக்கு இப்போதுதான் தெரிகிறது, பாவம்.

டிலிஸால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அந்தக் கார் எதுக்குத்தான் அங்க நின்னுச்சு?" என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு ஆலயம் முழுக்கக் கேட்டது.

பதில் என் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. கீழே லினெட் என்னையே பார்த்தாள்.

"அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்ல" என்றேன். "பாவம் எதுவும் இல்லன்னு மட்டும் கர்த்தருக்கு முன்னால சொல்றேன்." உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இதற்கு முன் பாதியில் நிறுத்திய பேச்சு எதுவும் கிடையாது.

"மீதியை ஓதுங்க" என்றார் போதகர். டிலிஸ் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்போது கதவோரத்திலிருந்து அந்தச் சுருதி எழுந்தது. மெல்லிய, நேரான சுருதி. லினெட் எழுந்து நின்றிருந்தாள். நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

நான் ஓதவில்லை. எம்லினின் காதுப் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் சபைக்கு அரை மூச்சு முன்னால் அவர் காதில் போட்டேன். முதல் வார்த்தைக்கே அவர் தோள் விறைத்தது. இரண்டாவது வார்த்தையில் தரை திரும்பி வந்தது. பரத்திலிருந்து வரும் ஞானம் சமாதானமானது என்கிற இடத்தில் பெஞ்சே அதிர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிடும் என் பழைய வியாதி, அன்று ஒருநாள் நல்லதுக்கு உதவியது.

தேநீர்க் கூடத்தில் எம்லின் ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி லினெட்டிடம் போனார்.

"இப்படிப் பேசினாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. கைன்வென் அனுப்பித்தான் நீ வந்தே. எனக்கு ஒத்தாசை பண்ண வந்தே. இதை நான் ஊருக்கு முன்னால சொல்லியிருக்கணும்."

"என்ன ஒத்தாசை?" என்றாள் டிலிஸ்.

"டிலிஸ், உன் திராட்சை ரொட்டி அடிப்பிடிச்சிருக்கே, என்ன ஆச்சு?" என்றேன் நான். அவள் தட்டைப் பார்க்க ஓடினாள்.

அடுத்த வாரம் லினெட் என்னிடம் ஏணி இரவல் கேட்டாள், விற்பனைப் பலகையைக் கழற்ற. "மன்னிச்சிட்டியாடி?" என்றேன். "ஏணியைப் பிடிங்க மொதல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு புதன்கிழமை மூன்று மணிக்கு எம்லின் வீட்டு வாசலில் நின்றது என் வண்டி. அகலமான வண்டி, மலை மேலிருந்தே தெரியும். காதால் வாங்கி ஓதியது போதும், இனி கண்ணால் வாசிக்க வேண்டும் என்று அவரே கேட்டார். எழுத்திலிருந்து ஆரம்பித்தோம். ஊர் பேசியது. நாலு மணி வரைக்கும் அங்கே என்ன புத்தகமோ என்று டிலிஸ் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். நல்ல புத்தகம் என்று சொல்லிவிட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதச் சொன்னதே எம்லின்தான், எழுதி முடித்ததும் முதலில் வாசித்ததும் அவர்தான். வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, ஒரு பிற்பகல் முழுக்க வாசித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஒரு தப்பு, மென்னா."

"என்ன?"

"மூணு புதன் இல்ல, நாலு. நாளுக்கு மூணு வசனம். ஒரு நாள் மழை, அவ கார் எடுக்காம நடந்தே வந்தா. அதை நீ பாக்கல."