நாற்பது கிலோ சாக்கு

தாணுமாலையன் யாரையும் நம்பியதில்லை. ஆரியசாலை மொத்தக் கடைகளில் காலமெல்லாம் மூட்டை சுமந்த மனுஷன் அவர். மல்லி மூட்டைக்குள் கல் கிடக்கும். மிளகாய் மூட்டையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கும். அதையெல்லாம் முதுகில் தாங்கிய ஆளுக்கு எவன் மேல் நம்பிக்கை வரும்? சாக்கைத் தோளில் ஏற்றினால் எடையைச் சொல்லிவிடுவார். உலகத்தில் பொய் சொல்லாத ஒரே சாமான் தன் தோள்தான் என்பது அவருடைய தீர்மானம்.

அவரும் ஒரு தடவை ஏமாந்தார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டை விற்று, கழக்கூட்டத்தில் ஜிபின் என்கிற பில்டர் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி ஃப்ளாட்டை வாங்கினார். எல்லாம் மகள் அஜிதாவுக்காக. புருஷன் விட்டுவிட்டுப் போன பெண். ஐடி பார்க் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறாள். தான் கண்ணை மூடினாலும் அவளை யாரும் இறங்கிப் போ என்று சொல்லக் கூடாது. கிழவரின் ஆசை அவ்வளவுதான்.

குடியேறி ரெண்டு மழைக்காலம் கழியவில்லை, கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் அவருடைய ஹாலைத் தாங்கும் பீம் வயிறு தொங்கிப் போய் நின்றது. அடியில் மயிரிழை விரிசல். எல்லோரையும் வெளியேற்றிக் கதவுகளைப் பூட்டச் சொன்னார்கள். கிழவரும் மகளும் ஒரு வாடகை அறையில் ஒண்டினார்கள். வழக்கு நடந்தது. கடைசியில் கோர்ட் ஒரு வழி சொன்னது: பீமின் மேல் பாரம் ஏற்றிப் பாருங்கள். தாங்கினால் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பலாம். தாங்காவிட்டால் ஜிபின் சொந்தச் செலவில் மாற்றிக் கட்டித் தர வேண்டும்.

சோதனைக்கு வந்த இஞ்சினியர் சுப்ரியா கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். பீமின் நடு வயிற்றுக்கு நேர்கீழே ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, அதன் உச்சியில் கடிகாரம் போன்ற ஒரு மீட்டரைப் பொருத்தினாள். மீட்டரிலிருந்து நீண்ட ஊசி பீமைத் தொட்டுக்கொண்டிருந்தது. பீம் தொய்ந்து ஊசியை அழுத்தினால் மீட்டரின் முள் நகரும். இரண்டு பக்கமும் இரும்பு முட்டுகள் நிறுத்தி, அவற்றின் தலைக்கும் பீமுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டாள். பீம் ஒருவேளை கைவிட்டால் தரைக்கு வராமல் முட்டில் உட்கார வேண்டும் என்பதற்காக. வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்காரர்களுக்குச் சலிக்காமல் விளக்கவும் செய்தாள்.

"பீம் வளையறச்சே மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நசுக்கறதைத் தாங்கும், இழுத்தா விட்டுடும். அதுக்குத்தான் அடியில கம்பி போடறா. கம்பி கொஞ்சம் நீளும், பாரத்தை எடுத்தா பழையபடி சுருங்கிக்கும். ஒரு அளவுக்கு மேல இழுத்துட்டா அப்பறம் சுருங்காது. பாரம் ஏத்தி ஒரு நாள் வெச்சு, எடுத்துட்டு, முள் திரும்பி வரதான்னு பாக்கப்போறோம். முக்கால்வாசி திரும்பினாப் போறும்."

"பாரம் ஏத்துக கூலிய ஆரு குடுக்கா?" என்றார் தாணுமாலையன்.

"பில்டர்தான். கோர்ட் உத்தரவு."

"அப்பம் முள்ளும் அவன் சொல்லுக பக்கந்தான் திரும்பும்."

இரண்டாம் மாடி பார்வதியம்மாள் சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, ஒங்க வாயிக்கு அடியிலயும் ரெண்டு முட்டு குடுக்கச் சொல்லணும்."

மணல் நிரப்பிய சாக்குகளைப் பணியாட்கள் முதல் மாடிக்குச் சுமந்து போய், கிழவருடைய ஹாலில் ஒரே சீராகப் பரப்பி அடுக்கினார்கள். எல்லாம் காலி சிமெண்ட் சாக்குகள். மிச்சமானவை மாடிப்படித் திருப்பத்தில் கிடந்தன. கிழவருக்குக் கை துருதுருத்தது. குனிந்து ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சிமெண்ட் சாக்கு என்றால் ஐம்பது கிலோ. அது குழந்தைக்கும் தெரியும். இது நாற்பதுதான். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் நாற்பது.

அன்று மத்தியானம் ஹாஸ்டல் பின்வாசலில் மகளைப் பிடித்துச் சொன்னார். "மக்ளே, சாக்குக்குப் பத்துக் கிலோ அடிச்சிருக்கானுவ. பீமு தாங்கிட்டுன்னு எழுதி நம்மள உள்ள அனுப்பிருவா. அப்புறம் ஒரு நா ஒறங்கயில ஒன் தலையில விழும்."

அஜிதா கையில் மாவு காய்ந்து போயிருந்தது. "அந்த மேடத்துக்கிட்டயே கேட்டுற வேண்டியதுதான அப்பா?"

"களவாணிக்கிட்ட போயி களவாண்டியான்னு கேக்கச் சொல்லுகியா?"

"எனக்கு வீட்டுக்குப் போனாப் போதும்பா" என்றாள் அவள். கிழவர் அதைக் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் மழை பிடித்தது. காவலுக்கு இருந்தவன் எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போனான். தாணுமாலையன் மீட்டரைப் பார்த்தார். முள் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. பார்த்தியா, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தார். சொந்த வீடு. சாவி மடியில் இருந்தது.

திருப்பத்தில் கிடந்த மிச்சச் சாக்குகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். முட்டி கழன்றுவிடும் போல் இருந்தது. இரண்டாவது சாக்கிலேயே கண் இருட்டியது. ஆனாலும் உடம்பு பழைய வேலையை மறக்கவில்லை. எங்கே வைப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. லாரிக்கும் கடைக்கும் நடுவில் பலகை போட்டுச் சுமந்த ஆளுக்குப் பலகை எங்கே தொய்யும் என்று தெரியாதா? நட்ட நடுவில் வைத்தார். அத்தனையையும் அங்கேயே ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார்.

கடைசிச் சாக்கு இறங்கியபோது காலடியில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. தூக்கத்தில் யாரோ பல்லைக் கடித்ததுபோல. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி மேலும் போயிருந்தது. கிழவருக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. கடைக்குப் போய் நான்கு தோசை தின்றார்.

காலையில் சுப்ரியா வந்தாள். பீம் முட்டுகளின் தலையில் உட்கார்ந்திருந்தது. மயிரிழையாக இருந்த விரிசலுக்குள் இப்போது நகம் போகும். அவள் மீட்டரை இரண்டு தடவை படித்தாள். ஜிபினும் வந்திருந்தான். வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

தாணுமாலையன் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சாக்குக்குப் பத்துக் கிலோ கொறச்சு நம்மள ஏமாத்தப் பாத்தாவ. தூக்கிப் பாருங்க, நாப்பதுதான் இருக்கும். கொறஞ்சத நானே ஏத்தி வச்சேன். வச்ச ஒடனே பல்லக் காட்டிட்டு பீமு. இப்பம் தெரிஞ்சுதா யோக்கியத?"

சுப்ரியா அவரையே பார்த்தாள்.

"நாப்பது கிலோதான் பெரியவரே. ஆள் தூக்கச் சௌகரியமா இருக்கட்டும்னு நான்தான் நாப்பது நிரப்பச் சொன்னேன். ஒவ்வொண்ணையும் எடை போட்டு, நாப்பதுன்னு கணக்கு வெச்சுத்தான் இத்தனை சாக்கு வேணும்னு முடிவு பண்ணினேன். குறைச்சலே இல்லை."

கிழவருடைய கை தானாகத் தோளைத் தடவியது.

"நேத்திக்கு சாயங்காலம் நான் கிளம்பறச்சே முள் அனுமதிச்ச அளவுல பாதி கூடப் போகலை. தாங்கிடும்னுதான் நினைச்சேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆத்துக்குப் போலாம்னு சொல்ல இருந்தேன்." அவள் குரல் தழைந்தது. "நடுவுல கொண்டுபோய்க் குவிச்சிருக்கேளே. பரத்தி வெச்சாலாவது பரவாயில்லை. அதே பாரம் நடுவுல இருந்தா ரெண்டு மடங்கு இழுக்கும்."

ஜிபின் போனில் ரெக்கார்டைப் போட்டுப் பிடித்திருந்தான். "அப்பூப்பா, ஒருக்கல்கூடிப் பறயணே. ஆரா வெச்சது?"

"நாந்தான் வச்சேன்" என்றார் தாணுமாலையன். பொய் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. போன் அதையும் வாங்கிக்கொண்டது.

"மதி" என்றான் ஜிபின், போதும் என்று கை காட்டி. "ஞான் கெட்டின பீம் நின்னது. இவராக்கும் பொட்டிச்சது. கோர்ட்டில் ஞான் பறஞ்ஞோளாம்."

"சரிபண்ண முடியாதா மேடம்?" என்று பார்வதியம்மாள் கேட்டாள். முடியும், ஆனால் யார் செலவில் என்று சுப்ரியா திருப்பிக் கேட்டபோது எல்லோரும் கிழவரைப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பார்வதியம்மாள் அவர் பக்கத்தில் நின்றிருந்தவள், மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் போனாள்.

சாக்குகளை இறக்கினார்கள். பாரம் போன பிறகும் ஒரு நாள் விட்டுத்தான் முள்ளைப் படிக்க வேண்டும் என்றாள் சுப்ரியா. "அதுக்குள்ள கொஞ்சம் திரும்பலாம். ரொம்ப எதிர்பாக்காதேங்கோ."

தாணுமாலையன் ஒரு பழைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். முள் துளி நகர்ந்தது. பிறகு இன்னும் ஒரு துளி. பிறகு நின்றுவிட்டது. அவர் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். சாயா கொண்டுவந்த காவல்காரன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அதில் ஈ விழுந்து செத்தது.

மறுநாள் காலை அஜிதா வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கிழவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தோளில் காய்ந்திருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"இனி ரூமு வாடக குடுக்க முடியாதுப்பா. வார்டன் என்ன ஸ்டோர் ரூமுல படுத்துக்கிடச் சொல்லிருக்கா" என்றாள். "ஆனா ஆம்பிளையாளு தங்கப்பிடாதுன்னு சொல்லிட்டா."

"நீ போ மக்ளே. நான் இது திரும்புகதப் பாத்துட்டு வாறேன்."

"அது திரும்பாதுப்பா."

"ஒனக்கென்ன தெரியும்?"

சுப்ரியா வந்து முள்ளைப் படித்தாள். எழுதிக்கொண்டாள். கால்வாசிகூடத் திரும்பவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சாக்கு ஏற்றியது யார் என்பதையும் எழுதியாக வேண்டும், மறைத்தால் தன் அறிக்கையே நிற்காது என்றாள். கிழவர் தலையாட்டினார். பிறகு அவள் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மீட்டரைப் பீமிலிருந்து விலக்கினாள்.

ஊசி பீமை விட்டதும், அழுத்த எதுவுமில்லாமல், முள் சரசரவென்று பின்னால் சுற்றியது. புறப்பட்ட இடத்தையும் தாண்டிப் போய் நின்றது.

"திரும்பிற்று" என்று எழுந்தார் தாணுமாலையன். "மக்ளே, பாத்தியா, திரும்பிற்று!"

சுப்ரியா மீட்டரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். அஜிதா வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.