பெயர் சொல்லாமல் விட்ட பிள்ளை

"போலீஸைக் கூப்பிடுங்க. இப்பவே" என்றாள் ஜோஸ்லின்.

ஆசிரியையாக அவள் வேலையில் சேர்ந்த அன்றே தலைமை ஆசிரியை ஃபிலிப்பா எச்சரித்திருந்தாள்: பள்ளிக்குள் எது நடந்தாலும் என்னிடம் வா, வெளியாளைக் கூப்பிடச் சொல்லி மட்டும் வந்து நிற்காதே. மாண்டிசோரி முறையில் நடக்கும் அந்தப் பள்ளியின் வகுப்பைக் காட்டுக்குள் கொண்டுபோனவள் ஃபிலிப்பா. அந்தப் பெருமையில் ஒரு கீறல் விழுவதும் அவளுக்குப் பொறுக்காது.

மேவைக் காணவில்லை. நாலு வயது. சாப்பாட்டு மேசையில் அவள் தட்டு காலியாகக் கிடந்தபோதுதான் தெரிந்தது.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் ஃபிலிப்பா. "பள்ளிக்கு லைசென்ஸ் குடுக்கிறவன் காதுக்குப் போனா காட்டு வகுப்பையே மூடிடுவான். அப்புறம் நீயும் உங்கப்பா மாதிரி காகித ஆலைக்குப் போக வேண்டியதுதான். உன் டீச்சர் பட்டத்தை அங்க யாரு கேப்பா?"

ஜோஸ்லின் பல்லைக் கடித்துக்கொண்டு தானே போனில் எண்ணை அழுத்தினாள். வண்டி வர நேரமாகும் என்றார்கள். அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் எது வரவும் நேரமாகும்.

எல்லோரும் ஓடைக்கு ஓடினார்கள். பனி உருகித் தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போனது. கரையில் ஒரு சின்னக் கையுறை கிடந்தது, மேவுடையது. காலையில் தவளை முட்டை பார்க்கப் பிள்ளைகள் அங்கே வந்திருந்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். அது யாருக்கும் ஆறுதலாக இல்லை. சமையல்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்தார். அந்தக் கம்பு எதிலாவது மெத்தென்று தட்டிவிடுமோ என்று ஜோஸ்லின் அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துக்கு மரம் மேவ், மேவ் என்று கத்தினார்கள். பதிலே இல்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் கடைசியாக என்ன செய்தார்கள் என்று ஜோஸ்லின் ஃபிலிப்பாவைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். மௌன விளையாட்டு. ஆளுக்கொரு இடத்தில் கண்ணை மூடி அசையாமல் உட்கார வேண்டும். ஆசிரியர் கிசுகிசுப்பாகப் பெயர் சொன்னால் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். நடுவில் பள்ளியைச் சுற்றிப் பார்க்க ஒரு பெற்றோர் வந்துவிட்டதால் ஃபிலிப்பா அவசரமாக முடித்திருந்தாள்.

"எல்லார் பேரையும் சொன்னீங்களா?"

ஃபிலிப்பா விரல்விட்டுப் பெயர்களை எண்ணினாள். மேவின் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது.

ஜோஸ்லின் ஓடையை விட்டுவிட்டு, காட்டுக்குள் விளையாட்டு நடந்த இடத்துக்கு ஓடினாள். ஆசிரியர் உட்காரும் கட்டையில் உட்கார்ந்தாள். மூச்சிரைத்தது, அடக்கினாள். தப்பாக இருந்தால் இந்த நேரமும் வீண், பிள்ளையும் போச்சு.

"மேவ்" என்று கிசுகிசுத்தாள்.

ஒன்றுமில்லை. ஈரக் காற்று. இன்னொரு தரம் சொன்னாள்.

சாய்ந்து கிடந்த மரத்தின் வேர்க்குழியில் ஏதோ அசைந்தது. உதடு நீலம் பாய்ந்து, கால் விறைத்துப்போன குழந்தை நுனிவிரலில் நடந்து வந்தது.

"அவங்கல்லாம் கத்தினாங்க, நான் அசையவே இல்ல" என்று காதோடு சொன்னது.

ஜோஸ்லின் தன் கோட்டைச் சுற்றி அதை உள்ளே தூக்கிவந்தாள். தாழ்வாரத்தில் ஃபிலிப்பா வழிமறித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போலீஸுக்குத் தானே போனில் சொல்லிவிட்டிருந்தாள், பிள்ளை ஒளிந்து விளையாடினாளாம் என்று. மேவின் அம்மாவிடமும் அதையே சொல்லிவிடலாம் என்றாள்.

"இவ ஒளியல. நாம எண்ணல."

"காட்டைப் பிடுங்கிடுவாங்க, ஜோஸ்லின். உனக்கும் அது உசிருதானே?"

உயிர்தான். ஆனால் இந்தப் பொய்யோடு நாளைக்கு எந்தப் பிள்ளையை அங்கே கூட்டிப்போவது?

வாசலில் கார் வந்து நின்றது. மேவின் அம்மா சிரித்தபடி கண்ணாடியை இறக்கினாள். ஜோஸ்லின் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு, மேவை இறக்காமலே, அந்தக் காரைப் பார்த்து நடந்தாள்.