இன்வெர்ட்டர் இருக்கிற தைரியம்

கம்ப்யூட்டர் போனதில் ஷாகுலுக்குப் பாதிதான் வருத்தம். மீதிப் பாதி, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், சந்தோஷம். ஹஃபீசாவுக்குப் போன் போட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

அவள் கோபித்துக்கொண்டு சேலையூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து விமான நிலையத்தை ஒட்டிய இந்தப் பொழிச்சலூர் வீட்டில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடியில் அவள் துப்பட்டா காய்ந்து கிடக்கிறது, எடுத்து மடிக்க மனம் வரவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சோறு வைத்துவிட்டு, பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. மனுஷன் ஏங்கியே பாதியாகிவிட்டான்.

அப்படி என்ன பெரிய சண்டை என்கிறீர்களா? கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஹஃபீசா தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவள். ஷாகுல் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, பேனர் எல்லாம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறவன். அவனுக்காக ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து அவள் ஜோடித்த மிஷின் அது. ஷாகுலின் அண்ணன் ஹனீஃபா வந்து பார்த்துவிட்டு, “சோக்கா கீதேடா, யார் ஜோடிச்சது?” என்று கேட்டார். இந்தப் புண்ணியவான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “நான்தான்” என்றான்.

அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் காதில் அது அப்படியே விழுந்தது. அண்ணன் கிளம்பியதும் கேட்டாள். “அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்குறியே” என்று இவன் சிரித்தான். பொய்யைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்கவில்லை.

பொய் சொன்னவனைப் பொய் சும்மா விடுமா? அண்ணன் பாசமாக ஒரு புது ப்ராசஸர் வாங்கிவந்து, “நீ ஜோடிச்ச மிஷின்தானே, நீயே மாட்டிக்க” என்று கையில் கொடுத்துவிட்டார். அதை மாட்டுவதற்கு முன் மதர்போர்டில் பயாஸை அப்டேட் செய்யவேண்டும். பயாஸ் என்பது, சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரை முதன்முதலில் கண் திறக்கவைக்கிற ஒரு சின்ன புரோகிராம். அதை எழுதும்போது கரண்ட் போகவே கூடாது. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணையவிடாத யூபிஎஸ்ஸோ பேட்டரி செத்துப் பரணில் கிடந்தது. இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே என்று துணிந்து ஆரம்பித்துவிட்டான்.

இன்வெர்ட்டர்! கரண்ட் போனால் அது வேலையை எடுத்துக்கொள்ள ஒரு கண் சிமிட்டும் நேரம் ஆகும். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்கோ அதற்குள் உயிர் போய்விடும். வெளியே மழை பிடித்தது, லைட் ஒருமுறை மினுக்கியது, பாதி எழுதிய பயாஸோடு ஸ்க்ரீன் இருண்டது. ஃபேன் பாட்டுக்கு ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

போனில் விஷயத்தைக் கேட்ட ஹஃபீசா திட்டவில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. திட்டினால் பழைய ஹஃபீசா. இவளோ கடைக்கு வந்த கஸ்டமரிடம் பேசுவதுபோலப் பேசினாள். பக்கத்து வீட்டு ஜோனத்தானிடம் நல்ல யூபிஎஸ் இரவல் வாங்கச் சொன்னாள். பென் டிரைவை ஜெராக்ஸ் கடையில் ஃபார்மேட் பண்ணி, பயாஸ் ஃபைலை டவுன்லோட் செய்து, பெயரை மாற்றி அதில் எடுத்துவரச் சொன்னாள். எல்லாம் முடிந்து மறுபடி கூப்பிட்டபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

“பின்னாடி சின்னதா ஒரு பட்டன் இருக்கும். அதுக்குக் கீழ இருக்கிற போர்ட்ல பென் டிரைவைச் சொருகுங்க. பட்டனை அழுத்திப் பிடிங்க. லைட் சிமிட்டுதா?”

“சிமிட்டுது.”

“அது நிக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க. நான் வைக்கிறேன்.”

“வைக்காத ஹஃபீசா! நடுவுல ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆயிட்டா நான் இங்கருந்து என்ன பண்ண முடியும்?” என்றாள். ஆனால் வைக்கவில்லை.

லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இந்தப் பக்கம் கூரையை உரசுவதுபோல ஒரு விமானம் இறங்கியது. இங்கே இருந்தபோது விமானம் வந்தால் ஹஃபீசா பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். இப்போதும் சத்தம் அடங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, “துணியெல்லாம் உள்ள எடுத்தீங்களா? மழை பெய்யுதே” என்று கேட்டாள். ஷாகுலுக்குக் கண் கலங்கிவிட்டது. “எடுத்துட்டேன்” என்றான். அவள் துப்பட்டா மட்டும் இன்னும் கொடியில் இருப்பதைச் சொல்லவில்லை.

லைட் நின்றது. சுவிட்சைப் போட்டான். ஸ்க்ரீன் கொஞ்சநேரம் இருட்டாகவே கிடந்தது. அப்புறம் மிஷினுக்குள்ளிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம். எழுத்துகள் வந்துவிட்டன.

“என்ன ஆச்சு?” என்றாள்.

வந்துவிட்டது என்றால் போனை வைத்துவிடுவாளே! வாய் முந்திக்கொண்டது. “இன்னும் வரல.”

“பீப் எனக்கும் கேட்டுச்சு. அந்த ஸ்பீக்கரை மாட்டினதே நான்தாங்க” என்றாள் ஹஃபீசா. குரல் உடைந்திருந்தது. “நான் செஞ்சத நீங்க செஞ்சதாச் சொன்னீங்க. இப்ப நான் செஞ்சது வேலையே செய்யலங்கிறீங்க.” கட் பண்ணிவிட்டாள்.

அவளைப் பிடித்துவைக்கச் சொன்ன பொய், அவளை இன்னும் தூரம் தள்ளிவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். “இன்னாடா, மிஷின் புட்டுக்கிச்சின்னாங்க? ஓடிக்கினுதானே கீது! நீயே சரி பண்ணிட்டியா?”

“ஹஃபீசா பண்ணா” என்றான் ஷாகுல். “இத முதல்ல ஜோடிச்சதும் அவதான் அண்ணே. நான் இல்ல. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்குத்தான் அந்தப் பொண்ணு ஆத்தா வூட்ல குந்திகினு கீதா? அவளாண்ட சொல்றதுதானே?”

“இனிமே நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொல்லுங்க.”

அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு தன் போனிலிருந்து கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். தனக்கு எடுக்காத போனில் அவள் “சொல்லுங்க அண்ணே” என்றதைக் கேட்டு ஷாகுல் அப்படியே ஏங்கி நின்றான்.

“ஏம்மா, இந்தக் கம்ப்யூட்டர் நீ ஜோடிச்சதாமே?”

“யார் சொன்னா?”

“உன் வூட்டுக்காரன்தான். பக்கத்துல அழாக்கொறையா நின்னுகினு கீறான்.”

ஹஃபீசா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள், “ஸ்க்ரீன்ல தேதி என்ன காட்டுது?”

அண்ணன் குனிந்து பார்த்து, வருஷத்தோடு படித்தார். பயாஸைப் புதிதாக எழுதியதில் அது எங்கேயோ பின்னால் போயிருந்தது. ஷாகுல் அவசரமாக மவுஸைப் பிடித்தான்.

“அவரை ஒண்ணும் தொட வேணாம்னு சொல்லுங்க அண்ணே” என்றாள். “நான் வந்து மாத்திக்கிறேன்.”

ஷாகுல் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.