கலாவின் கைராசி

"பிரஷர் இருக்குது, தலைசுத்து வரும், இனிமே உயரத்துல ஏறக்கூடாது" என்று டாக்டர் சொன்னபோது அழகமுத்து நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினான். வெளியே வந்து றக்வான பஸ்ஸில் கால் வைப்பதற்குள், "அவரு கித்துள் மரத்தப் படத்துலகூடப் பாத்திருக்க மாட்டாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கக்கூடாது என்றே பிறப்பெடுத்தவன். விஜயகலாவுக்கு வாய்த்தது அப்படி.

ஜனவரி மாதம் அவர்கள் இருந்த எஸ்டேட்டில் குளிர் எலும்புக்குள் போகும். பீப்பாய்த் தண்ணீரில் கையை விட்டால் விரல்கள் மரத்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துத் தகரக் கூரையிலிருந்து பனி மழையாகவே சொட்டும். அந்தக் குளிரில்தான் லயத்துக்குப் பின்னால் பனை போல உயர்ந்து நின்ற கித்துள் மரம் பூத் தள்ளியது. அதைப் பூ என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சிங்களத்தில் மல என்பார்கள், அழகமுத்துவுக்கும் அது மலதான். மல விரிவதற்கு முன்னால் அதன் அடியில் மருந்து வைத்துக் கட்ட வேண்டும். மருந்து பிடித்தால், நுனியைச் சீவச் சீவ இனிப்பான தண்ணீர் வடியும். அதைக் காய்ச்சினால் பாணி, வெல்லப்பாகு மாதிரி. பிடிக்காவிட்டால் மல கருகிப்போகும், அத்தோடு சரி. பிடித்துவிட்டாலோ காலையிலும் மாலையிலும் ஏறிச் சீவியே ஆக வேண்டும். மழையென்றும் காய்ச்சலென்றும் சாவு வீடென்றும் சாக்குச் சொல்ல முடியாது. ஒரு வேளை தவறினால் மல கண்ணை மூடிக்கொள்ளும்.

போன வருஷம் அவனுக்கு உச்சியில் வைத்துத் தலை சுற்றிவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். கூப்பிட்டால் பதில் இல்லை. கீழே நின்ற விஜயகலாவுக்கு மரம் ஏறத் தெரியாது, ஆளைக் கூட்டி வர ஓடவும் மனம் வரவில்லை. கண்ணை எடுத்தால் அந்த நொடியில் விழுந்துவிடுவான் என்று பட்டது. அவன் ஒருவழியாக இறங்கி வந்ததும் அவள் அழுத அழுகைக்கு லயமே கூடிவிட்டது. "கொஞ்சம் மூச்சு வாங்கினேன், அதுக்கு இந்த ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டான் மகராசன். அன்றிலிருந்து அவன் மரத்தடிக்குப் போனாலே அவளும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவாள்.

இந்த வருஷமும் ஏற்பாடுகள் தொடங்கின. ஏறுவதற்காக அடி மரத்தில் கட்டியிருந்த மூங்கிலை மாற்றினான். கத்தியைத் தீட்டினான். பானைகளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுவது அவள் வேலை, ஈர விறகை அடுப்புக்கு மேலே அடுக்கிக் காயவைப்பதும் அவள் வேலை. தன் புருஷனைக் கொல்லப்போகிற மரத்துக்குத் தானே சேவகம் செய்வதாக நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கலா, இந்த வாட்டி மருந்த நீயே அரைச்சிடு" என்றான் ஒரு நாள். "பனியில வெரலெல்லாம் வெடிச்சிருக்கு. சுண்ணாம்பு பட்டா உசிரே போவுது."

"எனக்கென்னாங்க தெரியும்?"

"தெரியிறதுக்கு என்னா இருக்கு? சாம்பல், உப்பு, சுண்ணாம்பு, கொச்சிக்கா. மொளகு மட்டும் படக்கூடாது. அம்மிய நல்லாக் கழுவிக்க. மொளகு பட்டா மல கருகிடும்."

"கருகினா?"

"கருகினா என்னா, இந்த வருசம் மரத்த விட்டுட்டு ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மியைக் கழுவினாள். பிறகு டப்பாவிலிருந்து கை நிறைய மிளகை அள்ளிப் போட்டு, கொச்சிக்காய் மிளகாயோடு சேர்த்து மையாக அரைத்தாள். நெடி ஏறித் தும்மல் தும்மலாக வந்தது.

"என்னா புள்ள இப்பிடித் தும்முற?"

"பனிங்க" என்றாள்.

அவன் மேலே ஏறி மருந்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான். அன்றைக்கு அவளுக்கு மனம் லேசாக இருந்தது. பாவம் செய்ததாகவே தோன்றவில்லை. ஒரு மல போனால் போகட்டும், மனுஷன் இருப்பான் அல்லவா?

சில நாள் கழித்து, மல சீவிப் பார்க்கிற காலை வந்தது. மூங்கில் பனியில் வழுக்கியது. அவன் மெதுவாக, ஒவ்வொரு பிடியையும் இரண்டு தடவை சோதித்து ஏறினான். போன வருஷத்துப் பயம் அவன் கையில் இன்னும் இருந்தது, வாயால்தான் ஒத்துக்கொள்ள மாட்டான். 'மாரியம்மா, கருகிப்போயிருக்கணும்' என்று விஜயகலா கீழே நின்று வேண்டிக்கொண்டாள். அந்தச் சாமியிடம் இப்படி ஒரு வரத்தை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேலே கத்தி மலயைச் சீவுகிற சத்தம் கேட்டது.

"கலா! ஓடுது புள்ள! கொட்டுது!"

அண்ணாந்து பார்த்த அவள் உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. தேன் மாதிரி இனித்துத் தொலைத்தது.

மறுநாள் பானை நிரம்பி வழிந்தது. அப்படி ஒரு ஓட்டத்தை அந்த மரத்தில் அவன் பார்த்ததே இல்லை. அடுப்படியில் வந்து நின்று, "உண்மையச் சொல்லு, என்னா போட்ட?" என்று கேட்டான்.

விஜயகலா குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். மிளகு என்று சொன்னால் எஸ்டேட்டில் இருக்கிற கித்துளுக்கெல்லாம் மிளகு வைத்து ஏறுவான். எதற்காகப் போட்டாய் என்றும் கேட்பான்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க சொன்னதத்தான் போட்டேன்."

"அப்ப ஒன் கைராசிதான்!" என்று அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை. அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது.

கைராசி என்ற பேச்சு கிளம்பினால் நிற்குமா? எஸ்டேட் எல்லையில் கித்துள் மரங்கள் வைத்திருந்த சிங்களக்காரர் குணபால மாத்தயா வீட்டுக்கே வந்துவிட்டார். பாணியை நக்கிப் பார்த்து, "விஜயகலாகே அத ஹொந்தய்" என்று அவள் கையைப் புகழ்ந்தார். தன்னுடைய மூன்று மரங்களையும் அழகமுத்துவே சீவட்டும், ஆனால் மருந்தை அவள்தான் அரைக்க வேண்டும் என்றார்.

"நா அரைக்க மாட்டேங்க" என்றாள் அவர் போன பிறகு. "கை வலிக்குது. வேற யாரையும் வச்சி அரைச்சுக்குங்க."

"ராசியான கைய நடுவுல மாத்தலாமா? ஓடுற மலயும் நின்னுரும்."

"டாக்டர் சொன்னத மறந்துட்டீங்களா? போன வருசம் மேல நின்னீங்களே, அதையாவது நெனைச்சுப் பாருங்க!"

அழகமுத்து கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, இதுவரை ஒத்துக்கொள்ளாததை ஒத்துக்கொண்டான்.

"பயந்துட்டேன்தான். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாட்டி ஏறறப்பவும் பயம்தான். இந்த மலயே கடைசின்னு நெனச்சிருந்தேன். இப்ப இல்ல கலா. மேல போனா ஒன் கை பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சங்கூடப் பயமே இல்ல."

மறுநாள் அவள் அரைத்துக் கொடுத்த மருந்தோடு குணபால மாத்தயாவின் முதல் மரத்தில் ஏறினான். எந்தப் பிடியையும் சோதிக்கவில்லை. விடுவிடுவென்று, பேசிக்கொண்டே ஏறினான்.

"மெதுவாங்க!" என்று விஜயகலா கீழேயிருந்து கத்தினாள்.

அவன் ஒரு கையை விட்டு, அவளைப் பார்த்து ஆட்டிக் காட்டினான்.