வாசனை மட்டும் வல்லாரை

அப்பா கண்ணை மூடிக்கொண்டு இலையைக் கட்டைவிரலால் தடவினார். காம்பு எங்கே வந்து சேர்கிறது என்று துழாவினார். கிள்ளி முகர்ந்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே விட்டெறிந்தார்.

"தள்ளு."

பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெற்ற மகளை 'நர்ஸம்மா' என்று கூப்பிடும் மனுஷன், இலையை மட்டும் மறக்கவில்லை!

அப்பா மூலிகை மண்டியில் தரம் பிரிப்பவராக இருந்தவர். மூட்டையில் வரும் இலை அசலாக இருந்தால் 'சரக்கு', போலியாக இருந்தால் 'தள்ளு'. மண்டியில் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அப்பீல் கிடையாது. வல்லாரைச் சாற்றைக் கண்ட தழைமேலும் தெளித்து ஏமாற்ற வந்த வியாபாரிகளைப் பற்றிச் சாப்பிடும்போது கதை கதையாகச் சொல்வார். "மூக்க நம்பினவன் மோசம் போவான். விரல நம்பணும்" என்று முடிப்பார். பெரியவளைப் பெண் கேட்டு வந்தவர்களையும் அப்படித்தான் பிரித்தார். வந்தவன் எல்லாம் 'தள்ளு' ஆகிப்போனதில், பெரியவள் வீட்டோடு தங்கிவிட்டாள். சின்னவள் அவரைக் கேட்காமலே கல்யாணம் செய்துகொண்டு வெளியூரில் பேங்க் வேலையில் இருக்கிறாள்.

அந்தச் சின்னவள்தான் இப்போது ஒற்றைக் காலில் நின்றாள், அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று.

"அவருக்கு நீயும் ஒண்ணுதான், அங்க இருக்கற ஆயாவும் ஒண்ணுதான். உன்னை யாருன்னே தெரியல. எதுக்குக்கா கிடந்து சாகறே?" என்றாள் போனில்.

"தெரிய வெச்சா?"

"வெச்சிடு பாக்கலாம். அடுத்த தடவை நான் வர்றப்ப உன்னை மகள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா, அப்புறம் நான் வாயே திறக்கல."

பெரியவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஞாபகசக்திக்கு வல்லாரை என்று ஊரே சொல்கிறதே! பூச்செடிக் கடையில் கேட்டு ஒரு தொட்டி வாங்கிவந்தாள். அதைத்தான் அப்பா தள்ளிவிட்டார். குனிந்து இலையைப் பொறுக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கும் விளங்கியது. குடைக்குக் கம்பி போல இலையின் நட்டநடுவில் காம்பு. அழகுக்கு வைக்கிற செடி. வல்லாரை என்றால் காம்பு சேரும் இடத்தில் இலை பிளந்திருக்க வேண்டும்.

மார்க்கெட்டில் கீரைக்காரியிடம் வேரோடு ஒரு கட்டு வாங்கினாள். குளியலறையின் வெளிச்சுவரோரம், பாதி வெயில் படும் இடத்தில், அகலமான பேசின்களில் ஈரமண் நிரப்பிக் கணுக்களைப் பதித்தாள். கொடி ஓடிப் பேசினை மூடியது. முதல் இலையைக் கொண்டுபோய் நீட்டினாள். அப்பா தடவினார், முகர்ந்தார்.

"சரக்கு."

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது போலிருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து அதுவே வேலை. லாண்டரியில் விடியற்காலை ஷிஃப்ட். ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சோடாவிலும் ப்ளீச்சிலும் அலசிப் போட்டுவிட்டு வருவாள். வந்ததும் இலை பறித்து, பழுத்ததைக் கழித்து, எண்ணெயில் லேசாக வதக்கி, மிளகும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவாள். கசப்பு தெரிந்தால் துப்பிவிடுவார். துப்பியதைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாள்.

ஒருநாள் "உப்பு கம்மி" என்றார். கோயில் கட்டாத குறை அவளுக்கு. இன்னொரு நாள் வாசலைப் பார்த்து, "சின்னது ஸ்கூல்லேர்ந்து வந்துடுச்சா?" என்றார். பெரியதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் என்ன, ஒவ்வொன்றாகத்தானே ஞாபகம் வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சின்னவள் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா, வீடே ஆடு மேயற இடம் மாதிரி பச்சை வாசனை அடிக்குது?"

"ஆடுன்னா நீ வந்திருக்கியே, மேய்ஞ்சுட்டுப் போ. இன்னிக்கு அப்பா நல்லாத் தெளிவா இருக்காருடி. வா, வந்து பாரு."

அரைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, யார் வந்திருக்காங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டினார். சின்னவள் தன் கையை அதில் வைத்தாள். கண்ணை மூடினார். கட்டைவிரல் உள்ளங்கையில் மெதுவாக நகர்ந்தது. வழுவழுவென்ற கை. அவர் நினைவில் தங்கிப்போன பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மாறாத கை.

"எம் பொண்ணு கை" என்றார். "சரக்கு."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதை அவளே எதிர்பார்க்கவில்லை.

பெரியவள் அவசரமாகத் தன் கையை நீட்டினாள். "இதுப்பா? இது யாரு கை?"

அப்பா முதலில் முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. பிறகு விரல் ஓடியது. ப்ளீச் தின்ற தோல், வெடிப்பு, காய்ப்பு. விரல் நின்றது. திரும்பப் போய்த் தடவியது. அப்பாவின் நெற்றி சுருங்கியது.

"வாசனை மட்டும் வல்லாரை" என்றார். "எவனோ சாறு தடவி ஏமாத்தப் பாக்கறான்."

"அப்பா, நான் பெரியவப்பா—"

"தள்ளு" என்று கையை உதறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"அக்கா... விடுக்கா. அவருக்கு என்ன தெரியும்?" என்றாள் சின்னவள்.

"எல்லாம் தெரியும்டி. அவர் தள்ளினது எதுவும் திரும்ப உள்ள வந்ததில்ல."

பெரியவள் எழுந்து குளியலறைச் சுவரோரம் போனாள். பேசினிலிருந்த கொடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. மண் தொட்ட கணுவெல்லாம் வேர் விட்டிருந்தது. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று பிடித்துக்கொண்டது.

பின்னாலேயே வந்த சின்னவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஹோம்ல சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லிடு."

"இதைப் பிடுங்காதே. இதை அரைச்சுக் குடுத்ததுலதான அவர் இவ்வளவு தெளிவா பேசறாரு? ஒரு பேசினை அங்க எடுத்துட்டுப் போறேன். ஆயாகிட்ட எப்படிச் செய்யணும்னு சொல்லு."

பெரியவள் மண் படிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"எண்ணெயில லேசா வதக்கணும். மிளகு, உப்பு" என்றாள். "அப்புறம், அரைக்கிறப்ப அந்தம்மாவக் கைக்கு உறை போட்டுக்கச் சொல்லு. வாசனை ஒட்டிக்கும்."