யானையின் குட்டைக் கால்

1

ஒரு மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது: அறிவைக் கூர்மையாக்கும் அன்றாடப் பழக்கங்கள் பத்து. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒன்றை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, கதை எழுதலாம். அதனால் இது.

2

முதல் தொடக்கம்: 'மனைவி இறந்த பிறகு அவன்

வேண்டாம். நீங்கள் கண்ணைத் துடைக்கத் தயாராகிவிடுவீர்கள். இது அந்தக் கதை இல்லை.

இரண்டாம் தொடக்கம். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். தன் மகள், அதாவது அவன் மனைவி, இறந்தபோது வந்த மாமியார், எட்டு மாதமாகியும் ஊர் திரும்பவில்லை. [இருவருக்கும் பொதுவாகப் பேச அவள் மட்டுமே இருந்தாள். அதைப் பேச முடியாது.] ஆகவே அத்தை ஒரு விதி கொண்டுவந்தார். தினமும் காலையில் ஆளுக்கு ஒரு புது விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாதவர் பாத்திரம் துலக்க வேண்டும்.

"மூளை துருப்பிடிச்சா உங்க கடையில தேய்ச்சுத் தருவாங்களா, மாப்பிள்ளை?"

அவன் பேருந்தில் படித்தான். கடைக்கு வந்த தபால்காரரைக் குடைந்தான். காது திறந்துகொண்டது.

பிறகு அத்தையின் மூத்த மகள் தொலைபேசியில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா. கிளம்பி இரு." அத்தை 'ம்' என்றும் சொல்லவில்லை, 'மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. அவர் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். கேட்க என்ன உரிமை? [இது அவன் கேள்வியா என் கேள்வியா என்று தோண்டாதீர்கள்.]

3

அந்த வாரத் திங்கட்கிழமை அவனிடம் சொல்ல எதுவும் இல்லை. [காரணத்தை மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். முந்தின நாள் அவன் மனைவியின் பிறந்தநாள்.] தொட்டியில் பாத்திரம் மலையாகக் கிடந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"யானைக்கு நாலு கால்ல ஒண்ணு கொஞ்சம் குட்டை, அத்தை. அதான் ஆடிக்கிட்டே நிக்குது."

"அடேங்கப்பா!" அத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை நூலகத்தில் வாசகர் கூட்டம். அத்தை எழுந்து நின்று அந்த யானையை அவிழ்த்துவிட்டார். முன்வரிசையில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்.

4

இங்கே அத்தை கோபித்துக்கொண்டு பெட்டி கட்டுவதாக எழுதினேன். அத்தை அப்படிப்பட்டவர் இல்லை. நடந்தது இது.

"நடுக்கூட்டத்துல மூக்கறுந்து வந்திருக்கேன். மாட்டு டாக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்."

"மன்னிச்சிருங்க அத்தை. பாத்திரத்துக்குப் பயந்து..."

"நல்ல வீரர்! அங்கேயே உக்காந்து மூணு புத்தகம் புரட்டினேன், தெரியுமா? எட்டு மாசமா நீங்க சொன்ன எதையும் நான் சரிபார்த்ததே இல்ல. மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அங்கதான் மூளை மழுங்கியிருக்கு."

நோட்டைத் திறந்து யானை வரியை அடித்துவிட்டார்.

"இனிமே ஆளுக்கு மூணு சொல்லணும். ரெண்டு நிஜம், ஒண்ணு புளுகு. எது புளுகுன்னு மத்தவங்க தேடிக் கண்டுபிடிக்கணும்."

அவன் சிரித்தான். [எட்டு மாதத்தில் முதல் முறை என்று எழுதினால் கதைக்கு நல்லது. மூன்றாவது முறை.]

5

முடிவு ஒன்று: அத்தை போகிறார், அவன் வாசலில்

இல்லை.

முடிவு இரண்டு: 'போகாதீங்க' என்கிறான். சொல்ல வேண்டியவன்தான். சொல்கிறவன் இல்லை.

சனிக்கிழமை காலை நடந்ததை மட்டும் தருகிறேன். அத்தை காபியைக் குடித்து முடித்து, விரல் மடக்கினார்.

"ஒண்ணு: ஒட்டகச்சிவிங்கி கழுத்துலயும் நம்ம கழுத்துலயும் ஏழே எலும்புதான். ரெண்டு: தேனீக்கு அஞ்சு கண்ணு. மூணு: நாளைக்குப் பெரியவகூடக் கிளம்பறேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"இப்ப சொல்லாதீங்க. போய்த் தேடிட்டு வாங்க."

நூலகம் திறக்கும் முன்பே அவன் வாசலில் நின்றான். அங்கே என்ன கண்டான் என்பதை நான் எழுதப்போவதில்லை. எலும்பையும் கண்ணையும் நீங்களே போய் எண்ணிப் பாருங்கள்.