நாலு மணிக்கு எழுந்து நிற்பவன்

"ஏன்டி ஐடெல்லா, நீ வரைஞ்ச எம்புள்ள நாலு மணியானா எதுக்குடி எந்திரிச்சு நிக்கிறான்?" என்று மிஸ் லுவென்னா கேட்டது, படத்தைச் சுவரில் மாட்டிய மறுநாள். ஐடெல்லா அந்தத் தெருவில் படம் வரைகிறவள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கப் பயந்தே பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். மிஸ் லுவென்னா வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். லூசியானா மாநிலச் சிறையில் முப்பது வருடத் தண்டனையில் இருந்த அந்த வீட்டு மகன் லெவோனை, பழைய கதவுப் பலகையொன்றில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, நீல நாற்காலியில் உட்காரவைத்து வரைந்திருந்தாள். சரியாக நாலுக்குப் படத்தில் அவன் எழுந்தான். எட்டு நிமிடம் விறைப்பாக நின்றுவிட்டு உட்கார்ந்தான். சிறையில் தலை எண்ணுகிற நேரம் அது. உட்கார்ந்திருப்பவனுக்கு அடி விழும்.

தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் சிறைக்குள்ளே இருந்ததால் மூன்று வருடத்தில் நாற்பத்தொரு படங்கள் சேர்ந்தன. நாற்பத்தொன்றும் நாலு மணிக்கு எழுந்தன. அந்நேரம் படத்தை விட்டு யாரும் வராததால், தேவாலயத்தில் நாலு மணிப் பாட்டுப் பயிற்சியை ஐந்துக்குத் தள்ளிவைத்தார்கள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. மிஸ் லுவென்னாவுக்குப் பழகவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நாலரைக்கு வேலை. தட்டோடு உட்காருகிற நேரமே நாலுதான். சிறைக்குப் போய்வர ஒன்பது மணி நேரம், முழங்கால் இடம் கொடுக்காது. அதனால் படத்தோடுதான் சாப்பாடு. "உக்காருடா! இது என் வீடு. இங்க எவன் வந்து எண்ணப்போறான்?" என்று தினமும் கத்துவாள். பிறகு ஐடெல்லா பக்கம் திரும்புவாள். "ஒரு நாளாச்சும் அவன் உக்காந்திருக்க நான் சாப்பிடணும்டி. திருத்திக் குடு."

ஐடெல்லா திருத்தினாள். மடியில் ஒரு தட்டு நிறையச் சோறு வைத்தாள். அவன் அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். மடியில் நாயைப் படுக்கவைத்தாள். நாய் உருண்டு விழுந்து, அன்றிலிருந்து அதுவும் நாலு மணிக்குக் குரைத்தது. நாயை அழித்து, தோளுக்குக் கீழே எதுவும் இல்லாமல் வரைந்தாள். நாலு மணிக்கு எழுந்ததும் தலை படச் சட்டத்துக்கு மேலே போய்த் தாடை மட்டும் மிஞ்சியது. "இப்ப மூஞ்சியும் போச்சு. நல்லாத் திருத்துன, போ!" என்றாள் மிஸ் லுவென்னா. ஐடெல்லா அலுத்துப்போய்ப் பழைய நாற்காலியையே திரும்ப வரைந்து கொடுத்தாள்.

படம் மாட்டிய பத்தொன்பதாம் வருடம், அரசாங்கச் சட்டம் மாறித் தண்டனை குறைந்து, ஒரு திங்கட்கிழமை லெவோன் வீட்டுக்கு வந்தான். சிவப்பு பீன்ஸும் சோறும். ஐடெல்லாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பான். நாலு அடித்தது. கரண்டியும் கையுமாக லெவோன் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"உக்காருடா," என்றாள் மிஸ் லுவென்னா.

"கால் மடங்கலம்மா."

"பத்தொம்போது வருசமா சொவத்தப் பாத்துக் கத்தினேன். இப்ப உன்னையுமாடா?"

ஐடெல்லா சுவரைப் பார்த்தாள். முதல்முறையாகப் படத்திலிருந்தவன் எழவில்லை. நிற்பவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பொறுமை போனவன் மாதிரி பெருமூச்சு விட்டு, சட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கினான். தன் நீல நாற்காலியை எடுத்து லெவோனின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளி, தோளை ஒரு அழுத்து அழுத்தினான். லெவோன் உட்கார்ந்தான். மிஸ் லுவென்னா ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றாள், விழுங்கினாள். மணி நாலு கடந்து மூன்றே நிமிடம்.

படத்திலிருந்தவன் சட்டையை நீவிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"கதவச் சாத்திட்டுப் போடா, ஈ வருது!" என்று வாயில் சோற்றோடு கத்தினாள் மிஸ் லுவென்னா.

அவன் ஓரடி திரும்பி வந்தான். கதவைச் சாத்தினான். படியிறங்கிப் போய்விட்டான்.